கேட்டு எடுத்த முகம்

நுழையும் முன்: ஒளிப்படக் கருவி இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் இருக்கிறது. அதனைப் பிறர் முகத்தை நோக்கித் திருப்பும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? தில்லிப் பள்ளியொன்றில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர், தம் மாணவர்களுடன் பூங்காவிற்குச் சென்ற பட்டறிவைக் கொண்டு தம் கருத்தை முன்வைக்கிறார். அக்கருத்துடன் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் என எண்ணியவாறு படியுங்கள்.

குளிர்காலத்துச் சனிக்கிழமைக் காலைகளில் தில்லியின் லோதி பூங்காவிற்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணக்கூடும். மூடுபனி மெல்லக் கலையும் நேரத்தில், தோளில் ஒளிப்படக் கருவிகளைத் தொங்கவிட்ட மாணவர் கூட்டமொன்று வாயிலைக் கடந்து உள்ளே வரும். ஒருவர் மரத்தடியில் நிற்பார். மற்றொருவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அவர் முகத்தருகே சாய்த்தும் நிமிர்த்தியும் பார்ப்பார். மூன்றாமவர் மண்டியிட்டுக் கருவியின் வழியே நோக்குவார். ‘சிரிக்காதே’, ‘தாடையைச் சற்றுத் தாழ்த்து’, ‘அந்த மரத்தைப் பார்’ என்னும் குரல்கள் கேட்கும். ஒரு மணி நேரத்தில் நண்பர்களின் முகங்கள் அலுத்துவிடும். அப்போது கருவிகள் பூங்காவிலுள்ள பிறரை நோக்கித் திரும்பும். நான் பேச விரும்புவது அந்தத் திருப்பத்தைப் பற்றியே.

எங்கள் பள்ளியிலும் ஓர் ஒளிப்படக் குழு உண்டு. பிள்ளைகள் வெளியே செல்லும்போது ஆசிரியர் ஒருவர் உடன் செல்லவேண்டும் என்பது விதி. சனிக்கிழமை விடியலில் எழுந்து வர வேறெவரும் முன்வராமையால், ஒளிப்படக்கலை பற்றி ஒன்றும் அறியாத தமிழாசிரியனாகிய எனக்கு அப்பொறுப்பு வந்து சேர்ந்தது. மூன்று குளிர்காலங்கள் அவர்களோடு சென்றுவந்த பிறகு எனக்கு இரண்டு கருத்துகள் உறுதிப்பட்டிருக்கின்றன. பொதுப் பூங்காவில் உருவப்படம் எடுக்கும் பயிற்சி எல்லாப் பள்ளிகளிலும் நடைபெற வேண்டும் என்பது ஒன்று. அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை அவரிடம் கேட்காமல் எடுக்கலாகாது என்பதே அப்பயிற்சியின் முதற்பாடமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கருத்தை எவரும் மறுப்பதில்லை. இரண்டாவதைச் சொன்னால்தான் மாணவர்கள் முகம் சுளிக்கின்றனர்.

பூங்கா ஏன் நல்ல பயிற்சிக்களம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உருவப்படத்திற்கு முதன்மையானது ஒளி. நண்பகல் வெயில் தலைக்கு நேர்மேலிருந்து விழும்போது புருவத்தின் நிழல் கண்குழிகளில் இறங்கும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் படியும். எத்தகைய அழகரும் அவ்வொளியில் களைத்தவராகவே தோன்றுவார். அவரையே பத்தடி நகர்த்தி மரநிழலின் விளிம்பில், வெட்டவெளியைப் பார்த்தவாறு நிறுத்துங்கள். வானத்தின் பரந்த ஒளி முகமெங்கும் ஒரே சீராகப் பரவும். கண்ணின் கருவிழியில் வானத்தின் சிறு வெண்புள்ளி ஒன்று மின்னும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தோன்றும் என்பதை எனக்குக் கற்பித்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தில்லியின் பனிக்கால மூடுபனியோ வானம் முழுவதையும் ஒரு வெண்திரையாக்கிவிடுகிறது. விலையுயர்ந்த விளக்குகளைக் கொண்டு படப்பிடிப்புக் கூடங்களில் உண்டாக்கும் மென்மையான ஒளி, அங்கே செலவின்றிக் கிடைக்கிறது.

லோதி பூங்காவில் இன்னொரு வாய்ப்பும் உள்ளது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் எழுந்த சையித், லோதி அரசர் காலத்துக் கல்லறை மண்டபங்கள் அங்கே நிற்கின்றன. முகம்மது ஷாவின் எண்கோண மண்டபமும், சிக்கந்தர் லோதியின் கல்லறையும், படா கும்பட், சீசா கும்பட் என்னும் இரு கட்டடங்களும் அவற்றுள் சிறந்தவை. தடித்த கற்சுவரின் வாயிலில் ஒருவரை நிறுத்தினால் முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் அமையும். ஓவியர்கள் சாளரத்தின் அருகே மாதிரியாளரை அமரவைத்துத் தேடிய ஒளி அது.

அடுத்து, தொலைவு. கைப்பேசியை முகத்திற்கு ஓரடி அருகே நீட்டிப் படமெடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தோன்றும். பிழை கைப்பேசியினுடையது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நாம் நிற்கும் தொலைவின் விளைவு. மிக அருகில் நிற்கும்போது மூக்கு காதைவிட நமக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது; ஐந்தாறு அடி விலகினால் அந்த வேறுபாடு பொருட்டில்லாமல் போகிறது; முகம் நாம் நேரில் காண்பதுபோல் அமைகிறது. ஐந்தாறு அடி என்பது இரண்டு மனிதர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் தொலைவு. இது எனக்குப் பெருவியப்பாக இருந்தது. உருவப்படத்திற்கு ஏற்ற இடம், உரையாடலுக்கு ஏற்ற இடமாகவே அமைந்துவிட்டது.

ஆனால் எங்கள் மாணவர்கள் அந்த இடத்தில் நிற்கவில்லை. முதல் ஆண்டில் குழுவிற்குத் தொலைவுக்காட்சி லென்ஸ் ஒன்று கிடைத்தது. ஐம்பது அடிக்கு அப்பாலுள்ள முகத்தையும் அது படச்சட்டம் நிறையக் கொண்டுவந்துவிடும். அதற்காகப் பிள்ளைகளிடையே போட்டியே எழுந்தது. புதருக்குப் பின் மறைந்திருந்து, நடைப்பயிற்சி செய்யும் முதியவரையும், புல்வெளியில் உண்ணும் குடும்பத்தையும், அழும் குழந்தையையும் ‘பிடித்து’ வந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும். மீனைப் பிடிப்போம், பறவையைப் பிடிப்போம், மனிதரையும் பிடிக்கலாமோ?

அவ்வாறு பிடித்தவற்றுள் ஒரு படம் எல்லாரையும் கவர்ந்தது. மரத்தடியில் மண்ணின்மேல் முதியவர் ஒருவர் கையைத் தலைக்கு வைத்து உறங்குகிறார். விரல்களில் மண் ஒட்டியிருக்கிறது. காலடியில் ரப்பர்க் குழாய் சுருண்டு கிடக்கிறது. இலைகளின் ஊடே வந்த வெயில் அவர் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. எடுத்தவன் பதினோராம் வகுப்பு மாணவன்; கூர்மையான பார்வை உடையவன். பள்ளிக் கண்காட்சியில் அப்படம் முதற்பரிசு பெற்றது. அதற்கு ‘வறுமையின் உறக்கம்’ என்று பெயர் சூட்டியவன் நான். தமிழிலும் இந்தியிலும் அழகிய எழுத்துகளில் எழுதி அதன் அடியில் ஒட்டினோம்.

அடுத்த மாதம் பூங்காவிற்குச் சென்றபோது அம்மாணவன் அப்படத்தின் படி ஒன்றைத் தலைப்பு அட்டையுடன் எடுத்து வந்தான். அந்த முதியவரைக் கண்டால் கொடுக்கலாம் என்பது அவன் எண்ணம், நல்ல எண்ணந்தான். அவர் பூங்காவின் தோட்டக்காரர்களுள் ஒருவர். ரோஜாப் பாத்திகளில் களை எடுத்துக்கொண்டிருந்தார். “சாச்சாஜி, இது உங்கள் படம், பரிசு பெற்றது” என்று சொல்லி அவன் நீட்டினான். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலைப்பின்மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பேட்டா, வறுமை என்றா எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். குரலில் சினமில்லை. “காலை ஆறு மணிக்கு வந்து தண்ணீர் விடுகிறேன். மதியம் உண்டபின் அரைமணி நேரம் படுப்பேன். உங்கள் வீட்டில் எவரும் மதியம் படுப்பதில்லையா?”

அவனுக்கு விடை தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த இந்திச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதைச் சொல்லும் துணிவும் அப்போது வரவில்லை. அவரே தொடர்ந்தார்: “எடுப்பதென்றால் இங்கே எடுங்கள். இந்த ரோஜாக்கள் நான் வளர்த்தவை.” குழாயடிக்குச் சென்று முகம் கழுவினார். மரக்கிளையில் மாட்டியிருந்த கம்பளிச் சட்டையை அணிந்தார். எந்தப் பாத்தியின் அருகே நிற்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். கைகளை எங்கே வைப்பது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை; கத்தரிக்கோலைக் கொடுத்ததும் அந்தத் தயக்கம் நீங்கியது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதற்படமே கலைநயம் மிக்கது என்று தேர்ந்த நடுவர் எவரும் சொல்வார். நானும் மறுக்கமாட்டேன். இரண்டாவதில் அவர் சற்று விறைப்பாக நிற்கிறார். பின்னணியில் மஞ்சள் நிறக் குப்பைத்தொட்டி ஒன்றும் தெரிகிறது. ஆயினும் முதற்படத்தில் இருப்பது நாங்கள் நினைத்துக்கொண்ட ஒருவர். இரண்டாம் படத்தில் நிற்பவர் அவர்.

ஒளிப்பட வரலாற்றில் இத்தகைய பிழை புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. நானூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அவற்றில் உள்ளன. படத்தில் இருப்போரில் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. இன்ன குலத்தார், இன்ன பழங்குடியினர் என்னும் தலைப்பும், அக்குலத்தாரின் இயல்பு இத்தகையது என ஆட்சியாளர் தீர்ப்பளிக்கும் குறிப்புமே உண்டு. பூச்சிகளை ஊசியால் குத்தி அட்டையில் வைப்பது போன்ற வேலை அது. எங்கள் தோட்டக்காரரின் கீழே ‘வறுமை’ என்று எழுதிய என் கை, அந்தத் தொகுதிகளில் குறிப்பெழுதிய கைகளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நல்ல நோக்கத்தோடு எடுத்தாலும் இச்சிக்கல் தீர்வதில்லை. 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலித்தொழிலாளர் முகாமில் டோரத்தியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். இருபுறமும் குழந்தைகள் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் விரல் ஊன்றி எங்கோ நோக்கும் அந்தத் தாயின் படம் உலகப்புகழ் பெற்றது. படம் நாளேட்டில் வெளியானதும் அரசு அம்முகாமிற்கு உணவு அனுப்பியது. பசித்தவர் பலர்க்கு அது உதவியது என்பதை மறக்கலாகாது. ஆனால் அதற்குள் அத்தாயின் குடும்பம் அங்கிருந்து சென்றுவிட்டிருந்தது. லாங் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அவர் புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்பது 1978இல்தான் உலகிற்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு பெயரற்ற சின்னமாக வாழ்ந்திருக்கிறார். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை என்று அவர் மனக்குறை கொண்டிருந்தார்.

நம் நாட்டிற்கே வருவோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா, விடுதலைக் காலத் தில்லியைத் தம் கருவியில் பதிவு செய்தவர். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். புகழோடு இருந்த நிலையிலேயே 1970இல் அவர் தொழிலைக் கைவிட்டார். புதிதாக வந்த ஒளிப்படக்காரர்களிடம் பண்பு குன்றியதை அதற்குக் காரணமாகப் பின்னாளில் குறிப்பிட்டார். அவர் காலத்தில் கருவி வைத்திருந்தோர் சிலரே. இன்று பூங்காவில் உலவும் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று உள்ளது.

இனி, மாணவர்கள் எழுப்பும் மறுப்பு. “ஐயா, கேட்டுவிட்டு எடுத்தால் எல்லாரும் நிமிர்ந்து நின்று சிரிக்கிறார்கள். இயல்பான முகம் மறைந்துவிடுகிறது. கேட்காமல் எடுப்பதே உண்மையான படம்” என்கிறார்கள். இம்மறுப்பை எளிதில் ஒதுக்க இயலாது. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் முதலானோர் அறியாக் கணங்களை எடுத்தே பெரும்புகழ் பெற்றனர். திருவிழா, ஊர்வலம், சந்தை, போராட்டம் ஆகியவற்றில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்பது இயலாது, கேட்கவும் வேண்டியதில்லை. அங்கே நாம் எடுப்பது நிகழ்ச்சியை. ஒரு தனிமனிதரின் முகமே படத்தின் பொருளாகும்போதுதான் கேள்வி எழுகிறது. அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் இயலாது. ஆனால் புதருக்குப் பின் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறதென்றால், அந்த எல்லையைக் கடந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

நிமிர்ந்து நின்று சிரிப்பதும் பொய்யன்று. தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதும் அம்மனிதரைப் பற்றிய உண்மைதான். அந்தச் சிரிப்பு நீங்கிய முகம் வேண்டுமென்றால் அதற்கு வழி பொறுமையே. ஐந்து நிமிடம் பேசுங்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். பேரக்குழந்தைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பாட்டியார் கருவியை மறந்துவிடுவார். எங்கள் குழுவின் சிறந்த படங்கள் பத்தாவது நிமிடத்திற்குப் பின் எடுக்கப்பட்டவை.

“பொது இடந்தானே?” என்பது மற்றொரு மறுப்பு. பூங்கா பொது இடம். அங்கே அமர்ந்திருப்பவரின் முகம் பொதுச்சொத்து ஆகாது. அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் அவ்வுரிமை எதுவரை செல்லும் என்னும் நுணுக்கத்தைச் சட்டம் பயின்றோர்க்கு விட்டுவிடுகிறேன். ஓர் ஆசிரியனாக எனக்குத் தெரிந்தது இவ்வளவே: நகரில் தனியறை இல்லாத எத்தனையோ பேர் பூங்காவில்தான் சிறிது தனிமையைத் தேடுகின்றனர். தேர்வில் தோற்ற மாணவன் அங்கே வந்து அழுகிறான். வேலை இழந்தவர் வீட்டில் சொல்லாமல் அங்கே வந்து அமர்கிறார். அவர்களுடைய முகம் மாலைக்குள் நூறு கைப்பேசிகளுக்குச் சென்றுவிடக்கூடும். அனுப்பியவன் அதை அழித்தாலும், பெற்றவர்களிடமிருந்து திரும்பாது.

லோதி பூங்காவிற்கே இதில் ஒரு வரலாறு உண்டு. கைர்ப்பூர் என்னும் சிற்றூரின் மக்களை இடம்பெயரச் செய்தே 1936இல் அப்பூங்கா அமைக்கப்பட்டது. முதலில் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரைத் தாங்கி, விடுதலைக்குப் பின் லோதி பூங்கா ஆயிற்று. கல்லறைகளின் படங்களை எத்தனையோ நூல்களில் கண்டிருக்கிறேன். அக்கல்லறைகளைச் சுற்றி வாழ்ந்த ஊராரின் முகம் ஒன்றையும் நான் கண்டதில்லை. கேட்டு, பெயரெழுதி, எடுத்து வைக்க அன்று எவரும் இல்லை போலும். ஆகவே படமெடுக்காதீர்கள் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. நிறைய எடுங்கள்; தோட்டக்காரரை, காவலரை, வாயிலில் வேர்க்கடலை விற்பவரை எடுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வெளியே வரலாமா என்பதையும் கேளுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள்.

இப்போது எங்கள் குழுவில் சில வழக்கங்கள் ஏற்பட்டுள்ளன. தொலைவுக்காட்சி லென்ஸ் பறவைகளுக்கு மட்டும். பூங்காவின் ஏரிக்கரையில் அதற்கு வேலை நிறைய உண்டு. படமெடுத்தவுடன் திரையில் அவருக்குக் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழிக்கிறோம். நல்ல படத்தின் அச்சுப்படியை அடுத்த முறை கொண்டுசென்று கொடுக்கிறோம். இது எளிதன்று. சிலர் மீண்டும் கண்ணில் படுவதேயில்லை. அவர்களுடைய படிகள் என் மேசை இழுப்பறையில் உறைகளில் காத்திருக்கின்றன. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றனர். நாள், நேரம், ஒளியின் திசை, எடுக்கப்பட்டவரின் பெயர், அவர் கூறிய ஒரு செய்தி ஆகியவற்றை எழுதி, அதன் அருகே படத்தை ஒட்டவேண்டும். மொழியாசிரியன் என்ற முறையில் எனக்கு அந்த ஒரு செய்தியே மிகவும் பிடித்தது. பிழை திருத்துவதும் நான்தான்.

சென்ற சனவரியில் ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கல்லிருக்கையில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் சென்றாள். வெண்ணிறக் கூந்தல், சிவப்புச் சால்வை, பக்கவாட்டில் இளவெயில். தூரத்திலிருந்தே அது எத்தகைய படமாக அமையும் என்று எங்களுக்குத் தெரிந்தது. “தாதிஜி, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?” என்று அவள் கேட்டாள். அவர் தலையசைத்து மறுத்தார். அவளுக்கு ஏமாற்றந்தான். லென்ஸின் மூடியைப் பொருத்திவிட்டு, “இங்கே சற்று உட்காரலாமா?” என்று கேட்டாள். அதற்கு அவர் நகர்ந்து இடம்விட்டார். இருவரும் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தனர். அவள் குறிப்பேட்டில் நாளும் நேரமும் ஒளியின் திசையும் உள்ளன. மூதாட்டி லாகூரில் பிறந்தவர் என்னும் செய்தியும் உள்ளது. படம் ஒட்டவேண்டிய கட்டத்தில் ‘கேட்டேன், வேண்டாம் என்றார்’ என்று எழுதியிருக்கிறாள். ‘வேண்டாம்’ என்பதில் துணைக்கால் விடுபட்டிருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.